தண்ணீர்மலைப் பந்தல்காரர்களுக்கு: அந்த நீலப் புட்டிகளை நிழலில் வையுங்கள்

பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் அன்பிற்குரிய தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

நீங்கள் வாரி வழங்கும் மோரும் சிராப்பும் இல்லையென்றால் எங்களில் பாதிப் பேர் தண்ணீர்மலைப் படி ஏறவே மாட்டோம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

லாரியிலிருந்து இறக்கி வெயிலிலேயே அடுக்கிவிடுகிறீர்களே, 19 லிட்டர் நீலப் புட்டிகள், அவற்றில் ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 7, அதன் கீழ் 'பிசி' என்று இருந்தால் அது பாலிகார்பனேட். (7 என்பது 'இதர' வகை, எல்லா 7-உம் பாலிகார்பனேட் இல்லை.) பிஸ்பீனால் ஏ, சுருக்கமாக பிபிஏ, என்ற பொருளைக் கோத்துச் செய்யும் பிளாஸ்டிக் அது. சூடு பட்டால் பிபிஏ கூடுதலாகத் தண்ணீரில் இறங்கும். கொதிநீர் ஊற்றினால் 15 முதல் 55 மடங்கு வேகமாக இறங்குகிறது என்று சின்சினாட்டி பல்கலைக்கழகத்தார் 2008-இல் காட்டினார்கள். சுக்குக் காப்பியை பிளாஸ்டிக் ஜக்கில் ஊற்றிவைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இறங்கினால் என்ன? செல்லுக்குள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கென்று ஓர் ஏற்பி, அதாவது அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம், இருக்கிறது. ஹார்மோன் வந்து பொருந்தியதும் ஏற்பிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து டிஎன்ஏவில் தமக்குரிய இடத்தில் போய் ஒட்டும். அங்குள்ள மரபணு விழித்துக்கொள்ளும். யார் பேரிலோ எடுத்த சீட்டுக்கும் அர்ச்சனையைத் தொடங்கிவிடும் குருக்களைப் போல, பிபிஏ வந்தாலும் ஏற்பி வேலையைத் தொடங்கிவிடுகிறது. அசல் ஹார்மோனைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வலுக்குறைவுதான். ஆனால் ஈஆர்ஆர் காமா என்ற இன்னோர் ஏற்பியை அது இறுகப் பற்றிக்கொள்கிறது.

கருவில்தான் எனக்குக் கவலை அதிகம். 2007-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் கருவுற்ற சுண்டெலிகளுக்கு பிபிஏ கலந்த தீனி கொடுத்தார்கள். பிறந்த குட்டிகளில் மஞ்சள் மயிர் கொண்டவை கூடின. டிஎன்ஏவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மயிர் நிறத்துக்கான மரபணுவை அடக்கிவைக்கும் மெத்தில் குறிகள் குறைந்திருந்தன, அவ்வளவே. தாய்க்கு ஃபோலிக் அமிலம் போன்றவற்றைச் சேர்த்துக் கொடுத்தபோது அந்த விளைவு மறைந்தது. எலிக்கு நடப்பதெல்லாம் மனிதருக்கும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் பந்தலில் வயிற்றுப் பிள்ளையோடு நிற்பவர்களும், கரும்புத் தொட்டிலில் குழந்தையைச் சுமந்து வருபவர்களும் எத்தனை பேர்!

"ஒரு நாள் குடித்தால் என்ன ஆகிவிடும்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. பிபிஏ ஓரிரு நாளில் சிறுநீரில் வெளியேறிவிடும். ஆனால் அதே புட்டி வீட்டிலும் ஆபீசிலும் வருடம் முழுக்க இருக்கிறதே. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் ஒருவர் உட்கொள்ளத்தக்க பிபிஏவின் தினசரி அளவை 20,000 மடங்கு குறைத்தது. அது மிகை என்று மறுத்த ஜெர்மானிய அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனமும் பழைய அளவில் இருபதில் ஒரு பங்கைத்தான் ஏற்றது. நம் மலேசியாவில் பால்புட்டியில் பிபிஏ கூடாதென்று 2012 மார்ச் 1 முதல் தடை உண்டு. பாலூட்டும் தாய் குடிக்கும் புட்டிக்கு யார் பொறுப்பு?

ஆகவே புட்டிகளைக் கூடாரத்துக்குள் வையுங்கள். கீறல் விழுந்து மங்கியதைத் திருப்பி அனுப்புங்கள். சூடான எதுவும் எவர்சில்வர் அண்டாவிலேயே இருக்கட்டும். 'பிபிஏ இல்லாதது' என்ற ஸ்டிக்கரைப் பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள். மாற்றாக வரும் பிபிஎஸும் (பிஸ்பீனால் எஸ்) அதே ஏற்பியைத் தொடுகிறது. பந்தல் கூட்டத்துக்குத் தண்ணீர் சப்ளையரையும் அழைத்து, புட்டி எந்தப் பிளாஸ்டிக், எத்தனை வருடப் பழசு என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
பால்குடம் எடுக்கும் ஒரு பக்தை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு