சிறுநீரகத்தோடு காதையும் கண்ணையும் அளந்து பாருங்கள்

சிறுநீரக நோய்களுக்கான மருந்து ஆய்வுகளை வடிவமைக்கும் மருத்துவர்களுக்கும், அவற்றுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுக்களுக்கும்,

வணக்கம். ஆல்போர்ட் நோய் உள்ள ஒரு பையனின் அம்மா எழுதுகிறேன். அந்த நோய் அவனுக்கு என் வழியாகத்தான் போனது, எனக்கும் இருக்கிறது. இவ்வளவு அரிதான ஒரு நோய்க்காக வருடக்கணக்கில் உழைக்கிறீர்கள். அந்த நன்றியோடுதான் இதைக் கேட்கிறேன். இந்த நோய் சிறுநீரகம், காது, கண் மூன்றையும் தாக்குகிறது. ஆய்வுகளின் முக்கியக் கேள்வியோ பெரும்பாலும் சிறுநீரகத்தோடு நின்றுவிடுகிறது. தயவுசெய்து மூன்றையும் ஒரே ஆய்வில், ஒரே கவனத்தோடு அளந்து, மூன்றின் முடிவையும் வெளியிடுங்கள்.

இந்தத் தொடர்பு ஒன்றும் புதிதல்ல. செசில் ஆல்போர்ட் என்ற மருத்துவர் 1927-லேயே, ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சிறுநீரில் இரத்தமும் காது கேளாமையும் சேர்ந்து வருவதைப் பற்றி எழுதினார். காரணம் வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. நான்காம் வகை கொலாஜன் என்ற புரதத்தில் மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு மெல்லிய சவ்வாக அமைகின்றன. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் இடத்தில் அந்தச் சவ்வு இருக்கிறது. உள்காதின் நத்தைச்சுருளிலும், கண் லென்ஸின் உறையிலும், விழித்திரையிலும் அதே கொலாஜன்தான். அதை உருவாக்கும் மரபணுக்களில் ஒன்று எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதில் வரும் பிழைதான் பல குடும்பங்களில் நோய்க்குக் காரணம் என்பது 1990-ல் உறுதியானது. இழை சரியாக அமையாவிட்டால் வடிகட்டி பழுதாகிறது, பள்ளிப் பருவத்திலேயே காது மந்தமாகத் தொடங்குகிறது, சிலருக்கு லென்ஸ் முன்பக்கமாகக் கூம்பு போலத் துருத்திக்கொள்கிறது. ஒரே கோளாறு, மூன்று இடங்கள். மருத்துவமனையில் மட்டும் நாங்கள் மூன்று துறைகளுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறோம், ஒரு துறையின் கோப்பு இன்னொரு துறைக்குப் போவதில்லை.

சிறுநீரகத்துக்கு நீங்கள் செய்தது பெரிய காரியம். ஐரோப்பாவில் 283 நோயாளிகளின் பதிவேட்டை வைத்து 2012-ல் வெளியான ஆய்வை நான் பலமுறை படித்திருக்கிறேன். சிகிச்சை எடுக்காத உறவினர்களில் பாதிப் பேர் 22 வயதுக்குள் டயாலிசிஸுக்கு வந்துவிட்டார்கள். சிறுநீரகச் செயல்பாடு ஏற்கெனவே சரிந்த பிறகு ஏசிஇ தடுப்பு வகை இரத்த அழுத்த மருந்தைத் தொடங்கியவர்களுக்கு அந்த வயது 25. சிறுநீரில் புரதம் மட்டும் கசியும் கட்டத்திலேயே தொடங்கியவர்களுக்கு 40. அந்த 18 வருட வித்தியாசத்தில் ஒருவர் படித்து முடிக்கலாம், வேலைக்குப் போகலாம், குழந்தைகளை வளர்க்கலாம். சாதாரண இரத்த அழுத்த மாத்திரை அதைச் செய்கிறது என்று படித்தபோது நான் அழுதேன்.

சரி, அந்த 18 வருடங்களில் காது என்ன ஆகிறது? அந்த மருந்து செவித்திறன் குறைவதைத் தள்ளிப்போடுகிறதா இல்லையா? இதற்கு ஒரு நிரூபணமான பதிலை எந்த மருத்துவராலும் எனக்குத் தர முடியவில்லை. மருந்து இத்தனை வருடமாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஆய்வுகளின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொருவருக்கும் ஒரே முறையில் ஆடியோகிராம் என்ற செவித்திறன் பரிசோதனை எடுத்து வைத்திருந்தால் இந்நேரம் பதில் கையில் இருந்திருக்கும்.

இங்கே எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே வகை மருந்தான ராமிப்ரிலைச் சிறு வயதிலேயே தொடங்கலாமா என்று பார்க்க ஜெர்மனியில் நடந்த, 2020-ல் வெளியான ஆய்வில் மொத்தம் 66 குழந்தைகள். குலுக்கல் முறையில் மருந்தோ வெற்று மாத்திரையோ கிடைக்கும் பிரிவில் சேர்ந்தவர்கள் அவர்களில் 22 பேர்தான். தன் குழந்தைக்கு வெற்று மாத்திரை வந்துவிடுமோ என்ற பயம் எந்தப் பெற்றோருக்கு இருக்காது? நோய் முற்றும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைவதாக அந்த ஆய்வு காட்டியது. ஆனால் அடித்துச் சொல்ல அந்த எண்ணிக்கை போதவில்லை. இவ்வளவு சிரமப்பட்டுச் சேர்த்த குழந்தைகளிடமிருந்து சிறுநீரகத் தகவலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது எங்களால் தாங்கக்கூடிய இழப்பு இல்லை. இதே குழந்தைகளைக் காதுக்காக ஒரு முறை, கண்ணுக்காக ஒரு முறை என்று மறுபடி திரட்ட முடியாது.

கண்ணைப் பார்ப்பது சிறுநீரக ஆய்வுக்கே உதவும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லென்ஸ் துருத்தியவர்களுக்குச் சிறுநீரகம் சீக்கிரம் பழுதாகிறது என்பது உங்கள் துறையிலேயே தெரிந்த விஷயம். விழித்திரையை ஒளியால் படம்பிடிக்கும் ஓசிடி ஸ்கேன் எடுக்கச் சில நிமிடங்கள் போதும், ஊசி கிடையாது, வலி கிடையாது.

ஒரு உறுப்பை மட்டும் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு மருத்துவ வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. குறைப்பிரசவக் குழந்தைகளுக்குப் பார்வை போவதற்கு அதிக ஆக்சிஜன் காரணமா என்று 1953-54-ல் அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள் சேர்ந்து ஆய்வு செய்தன. ஆக்சிஜன்தான் காரணம் என்று தெரிந்தது, ஏராளமான குழந்தைகளின் கண்கள் பிழைத்தன. ஆனால் அந்த ஆய்வில் குழந்தைகள் சேர்க்கப்பட்டது பிறந்து 48 மணி நேரம் கழித்து. அதற்கு முன் நிகழும் மரணங்கள் கணக்கிலேயே வரவில்லை. முடிவை நம்பி எல்லா இடங்களிலும் பிறந்த கணத்திலிருந்தே ஆக்சிஜனைக் குறைத்தார்கள். கண் தப்பியது, மூச்சுக்குத் திணறிய குழந்தைகள் பலர் இறந்தார்கள். அந்த மருத்துவர்கள் யாரும் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. அளக்காத இடத்தில் நடந்தது அவர்கள் கண்ணில் படவில்லை.

நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து சிறுநீரகத்தையும் காதையும் சேர்த்துக் கெடுக்கக்கூடியது. கல்லீரல் புற்றுநோய் வந்த குழந்தைகளிடம் நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில், செவித்திறனையே முதன்மைக் கேள்வியாக வைத்தார்கள். நம்பகமாகக் காதைச் சோதிக்கும்படி குழந்தைகளுக்கு மூன்றரை வயதாவது ஆகும்வரை காத்திருந்தார்கள். சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்களில் 63 சதவீதம் பேருக்குச் செவித்திறன் குறைந்தது; காதைக் காக்க சோடியம் தயோசல்பேட் என்ற மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 33 சதவீதம். உயிர் பிழைத்தவர்களின் விகிதமும் குறையவில்லை. உயிரையும் பார்த்து காதையும் பார்க்க முடியும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

அப்புறம், டயாலிசிஸ். உங்கள் ஆய்வுகளில் அது பெரும்பாலும் முடிவுப் புள்ளி. ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்ததும் ஆய்வு அட்டவணையில் அவருடைய வரி முடிந்துவிடும். எங்கள் வாழ்க்கை அங்கே முடிவதில்லை. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் அதில் கொலாஜன் சரியாக இருக்கும். காதில் இருப்பது பழைய கொலாஜன்தான், அது தொடர்ந்து கெடும். போதாததற்கு, சிறுநீரக நோயாளிகளுக்குச் சிறுநீரைப் பெருக்கத் தரும் ஃபுரோசிமைடு மருந்தும், தொற்று வந்தால் போடும் ஜென்டாமைசின் மருந்தும் காதைப் பாதிக்கக்கூடியவை. மிக அதிகமாகக் கவனிக்க வேண்டிய கட்டத்தில் எங்களைக் கணக்கிலிருந்து விடுவிக்கிறீர்கள்.

பெண்களையும் மறக்காதீர்கள். ஆண்கள் இளம் வயதில் இறக்க, பெண்கள் முதுமை வரை வாழ்ந்ததை ஆல்போர்ட்டே பதிவு செய்திருந்தார். அதனால் நாங்கள் நோயைக் கடத்துபவர்களாக மட்டும் பார்க்கப்பட்டோம். ஐரோப்பியக் குடும்பங்களில் நடத்தி 2003-ல் வெளியான ஆய்வின்படி, எக்ஸ் குரோமோசோம் வகை உள்ள பெண்களில் சுமார் 12 சதவீதம் பேருக்கு 40 வயதுக்குள் சிறுநீரகம் செயலிழக்கிறது. வயது ஏற ஏற அது இன்னும் கூடுகிறது. என் மகனுக்கு வருடந்தோறும் செய்த பரிசோதனைகளை எனக்கும் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானாகக் கேட்டு வாங்கினேன்.

நெறிமுறைக் குழுக்களுக்குத் தனியாக ஒன்று. பார்வையும் செவியும் மங்கக்கூடிய ஒரு நோய்க்கான ஒப்புதல் படிவம் பொடி எழுத்தில் பல பக்கங்களுக்கு வருகிறது. இரைச்சலான அறையில், முகக்கவசம் போட்ட ஒருவர் அதை வேகமாக விளக்குகிறார். உதடு தெரியாமல் என் மகனுக்குப் பாதி வார்த்தை பிடிபடாது. தெரியாததற்கும் தலையாட்டுவான். அந்தத் தலையாட்டலை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரிய எழுத்தில் படிவம், அமைதியான அறை, எழுதிக் காட்டும் வசதி, மறுநாள் திரும்பி வந்து கேள்வி கேட்கும் உரிமை. அனுமதி தருவதற்கு முன் இவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். சிறுநீரகம், காது, கண் மூன்றுக்கும் பரிசோதனை அட்டவணை இருக்கிறதா, டயாலிசிஸுக்குப் பிறகும் தொடர்கிறதா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்த ஆய்வில் சேர என் மகன் தயாராக இருக்கிறான், பெண்களையும் எடுத்தால் நானும் வருகிறேன். இரத்தமும் சிறுநீரும் எத்தனை முறை கேட்டாலும் தருவோம். ஆடியோகிராம் எடுக்க எங்களை அழைத்துப்போக ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

அன்புடன்,
ஆல்போர்ட் நோயோடு வாழும் ஓர் அம்மா