கட்டாக் போய் வந்தபிறகு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் போட்டால் 'மீட்டிங்ல இருக்கேன்ப்பா' என்கிறாய். அம்மாவிடம் கொடுத்தால் அவள் சின்ன வெங்காயம் விலையில் ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறாள். அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். போட்டோ எடுத்து உனக்கு அனுப்ப எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டிருக்கிறேன். அவன் படித்துவிடுவானோ என்று கவலைப்படாதே, அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும்.

ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறது. பெரிய அத்தைக்கு முழங்கால் அப்படியேதான். பின்கட்டு ஓடு மாற்றியாயிற்று. வேறு விசேஷம் இல்லை.

உங்கள் தத்துக் கோப்பு விஷயம். தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி., வந்தாயிற்று, கட்டாக் குழந்தைகள் இல்லத்துக்காரர்கள் மனு போட்டுவிட்டார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். முன்பென்றால் இது கோர்ட்டுக்குப் போகும். 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியரே தத்து உத்தரவு போடுகிறார். இரண்டு மாதத்துக்குள் முடிக்கவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், அந்த இரண்டு மாதத்தை நம்பி லீவு எழுதிக் கொடுத்துவிடாதே. தேர்தல் வந்தால் கோப்பு அடியில் போகும், புயல் வந்தால் இன்னும் அடியில் போகும். ஒடிசாவில் ஐப்பசி, கார்த்திகை புயல் காலம். யாரையும் தொந்தரவு செய்யாமல் பதினைந்து நாளுக்கு ஒரு மெயில் போடு. மரியாதையாக நாலு வரி. அதிகமாக எழுதினால் படிக்கமாட்டார்கள்.

உத்தரவு வந்தபிறகு பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், நாடுவிட்டு நாடு தத்துக்கான ஹேக் ஒப்பந்தப்படியான சான்று, பிறகு டெல்லியில் அமெரிக்கத் தூதரகம். இதெல்லாம் வரிசையாக நடந்துவிடும். காகிதம் என்றைக்கும் நடந்துவிடும்.

கட்டாக்கில் இல்லத்திலிருந்து திரும்பிய அன்றைக்கு ராத்திரி நீ சாப்பிடவில்லை. தயிர்வடை மேலே உருளைக்கிழங்குக் குழம்பை ஊற்றித் தருகிறார்களே என்று அம்மா சிரித்துக்கொண்டே உனக்கு வாங்கி வந்தாள், நீ தலைவலி என்று படுத்துவிட்டாய். தலைவலியாகவே இருக்கட்டும். அதற்குப் பிறகு ஊருக்குப் போய் இத்தனை நாளாகியும் அந்தக் குழந்தையைப் பற்றி நீயாக ஒரு வார்த்தை எடுக்கவில்லை. மாப்பிள்ளைதான் சொல்கிறார், அவரும் கோப்பைப் பற்றித்தான் சொல்கிறார்.

இல்லத்தில் அன்றைக்குக் கேட்டார்கள். என்.ஓ.சி. இருக்கிறது, உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் உத்தரவு வரும்வரை குழந்தையை நீங்களே வைத்திருக்கலாம், இந்தியாவுக்குள் எங்கே வேண்டுமானாலும் என்று. நான் மனசுக்குள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். மாடி அறையில் கொசுவலைகூடக் கட்டிவிட்டேன். நீ மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தாய். அவர் லீவு இல்லை என்றார். லீவு இல்லைதான், எனக்குத் தெரியும். உனக்கு இருந்ததே என்று அம்மா கேட்டாள். நான் அவளை அதட்டிவிட்டேன். அதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஒன்று சொல்கிறேன், கேள். அந்தக் குழந்தை உன்னிடம் வரவில்லை. எல்லாரும் பார்த்தோம், அதை மறைக்க என்ன இருக்கிறது? எண்ணெய் வைத்து, பவுடர் போட்டு, கஞ்சி போட்ட கவுனில், இல்லத்தில் அவளைப் பார்த்துக்கொள்ளும் அந்த மௌசி கூட்டிவந்தாள். வந்ததிலிருந்து மௌசியின் முந்தானைக்குள் முகம். நீ தரையில் உட்கார்ந்து பொம்மையை நீட்டினாய், கை நீளவில்லை. மௌசி கொஞ்சம் நகர்ந்ததும் வீறிட்டு அழுதாள். அந்த நேரம் பார்த்து ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பொடியன் உள்ளே ஓடிவந்து, உன் மடியில் ஏறி, 'மா' என்று வளையலைத் தடவ ஆரம்பித்தான். உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது எனக்குத் தெரியும். எந்தக் குழந்தைக்காக வந்தது என்று கேட்கமாட்டேன்.

கோரமண்டல் எக்ஸ்பிரஸில் போகும்போது விஜயவாடா தாண்டி நீதானே சொன்னாய்? ருமேனியாவில் 1989இல் சௌசெஸ்கு ஆட்சி கவிழ்ந்தபிறகு அங்கிருந்த இல்லங்களில் வளர்ந்த குழந்தைகளை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து ஆராய்ச்சி செய்தார்கள், அதில் பல குழந்தைகள் முன்பின் தெரியாத யாரைப் பார்த்தாலும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டன, அது அன்பு இல்லை அப்பா, யாருமே தனக்கென்று இல்லாததால் வருவது என்று. அப்படி ஏதாவது இருந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றாய். அம்மா அப்போது 2023 ரயில் விபத்து எந்த ஸ்டேஷன் பக்கம் என்று டி.டி.ஆரை நச்சரித்துக்கொண்டிருந்தாள், அதனால் அவள் காதில் விழவில்லை. நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

உன் கணக்குப்படியே பார். இவள் யாரிடமும் ஓடவில்லை. ஒருத்தியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், விட்டால் அழுகிறாள். ஒருத்தியைப் பிடிக்கத் தெரிந்த பிள்ளை இன்னொருத்தியையும் பிடிக்கும். நீ பயந்தது இல்லை என்றல்லவா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்? எஞ்சினியருக்குப் படிக்கவைத்தேன், தன் கணக்கையே பார்க்கத் தெரியவில்லை.

கோபப்படாதே.

நீ ஆபீஸ் அறையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது நான் திண்ணையில் இருந்தேன். அவள் மௌசியோடு வெளியே வந்தாள். கையில் நீங்கள் முன்னால் அனுப்பிவைத்த படப் புத்தகம். அட்டை ஓரமெல்லாம் மடிந்து, நடுவில் ஒரு பக்கம் பிய்ந்து, டேப் போட்டு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் முந்தானைக்குள் போனாள். நான் பேசாமல் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் முழங்காலில் ஒரு தட்டு. உங்கள் நாய் பிஸ்கட்டின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு என்னிடம் ஏதோ கேட்கிறாள். எனக்கு ஒடியா எங்கே தெரியும்? மௌசி இந்தியில் சொன்னாள், நாய் ஏன் வரவில்லை என்று கேட்கிறாளாம். 'பெரிய வண்டி, நாயை ஏற்றமாட்டார்கள்' என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. உன் படம் இருந்த பக்கத்தைத் திருப்பவே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. நாய்தான் வேண்டும் அவளுக்கு. பிஸ்கட்டை வீடியோ எடுத்து அனுப்பு. குளிப்பாட்டுவது, சோறு தின்பது, கார் ஜன்னலில் தலையை நீட்டுவது, எல்லாம். பின்னால் உன் குரல் கேட்கட்டும். முகம் வேண்டாம், குரல் மட்டும் போதும் இப்போதைக்கு.

பிறகு அந்தச் சேலை. ராத்திரி அந்த மௌசியின் பழைய சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறாளாம். கூட்டிவரும்போது அதைக் கேட்டு வாங்கு. புதுச் சேலை ஒன்று மௌசிக்கு எடுத்துக் கொடு, அம்மா சம்பல்புரி நெசவு எடுக்கச் சொல்கிறாள், எனக்கு விவரம் தெரியாது. பழையதை வாங்கியதும் துவைத்துவிடாதே. உனக்குச் சுத்தம் அதிகம், அதனால் சொல்கிறேன். ஓட்டலில் சோப்புப் போட்டுவிடாதே. வாசனை போய்விட்டால் அது வெறும் துணி.

மௌசி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த ஊரில் சோறு கிடைக்குமா என்று. வெயில் காலத்தில் பகாள் இல்லாமல் அவளுக்கு இறங்காதாம். தண்ணீர் ஊற்றி வைத்த சோறு, கீரை வதக்கல். நம் பழையதுதான்! நியூஜெர்சியில் நம் ஊரைவிட நல்ல அரிசி கிடைக்கும், இவளுடைய ஆச்சிக்கும் தினமும் காலையில் பழையதுதான் என்று சொல்லச் சொன்னேன். அம்மா அதற்குள் 'ஆச்சி'யாகிவிட்டாள் பார். நீதான் காலையில் ஓட்ஸ் சாப்பிடுகிறாய்.

அந்தப் பொடியனிடம் 'ஃபிர் ஆவூங்கி', மறுபடி வருவேன் என்று இந்தியில் சொல்லிவிட்டு வந்தாய். அப்படிச் சொல்லக்கூடாதம்மா. பெரியவர்கள் சொல்வதை அந்தப் பிள்ளைகள் தேதி போட்டு வைத்துக்கொண்டிருக்கும். அடுத்த தடவை போகும்போது பழமோ பிஸ்கட்டோ எல்லாருக்கும் பொதுவாக வாங்கி ஆபீஸில் கொடுத்துவிடு, நீயாகக் கையில் கொடுக்காதே. அவனைப் பற்றி நான் விசாரித்தேன். அவனுக்கு அப்பா இருக்கிறார், மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கிறார், தத்துக்கு உள்ள பிள்ளை இல்லை. இது உன் தலைவலியில் பாதிக்கு மருந்தாகும் என்றுதான் எழுதுகிறேன். மீதி பாதிக்கு என்ன மருந்து என்று நீ எழுது.

கடையநல்லூர்க்காரர் வந்திருந்தார். வழக்கம்போல. 'எவ்வளவு குடுத்து வாங்குறாங்க?' என்றார். ஐயாயிரம் டாலர், விதியில் போட்ட கட்டணம், ரசீது உண்டு, உங்க பேரனுக்கு மெடிக்கல் சீட்டுக்குக் கொடுத்ததற்கு ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். காப்பி குடிக்காமல் போனார். அம்மாவுக்கு வருத்தம், எனக்கு இல்லை. அவர் இன்னொன்றும் கேட்டார், பின்னால் யாராவது என் பிள்ளை என்று வந்து நின்றால் என்று. 2005இல் சென்னையில் வெளியே வந்ததே, குடிசைப் பகுதிகளில் பிள்ளைகளைத் திருடி, காகிதம் தயாரித்து, நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தத்து அனுப்பிய வழக்கு, அதைப் படித்தவன்தான் நானும். அதனால்தான் குழந்தைகள் நலக்குழு கொடுத்த சான்றிதழை உன்னிடம் வாங்கி இரண்டு தடவை வாசித்தேன். எங்கே கிடைத்தாள், எந்தப் போலீஸ் ஸ்டேஷன், எந்தப் பத்திரிகையில் படம் போட்டார்கள், அதற்குப் பிறகு எத்தனை மாதம் காத்திருந்தார்கள், மூன்று பேர் கையெழுத்து. ஒழுங்கான கோப்பு. நானே எழுதியிருந்தால் இதைவிட நன்றாக எழுதியிருக்கமாட்டேன். எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்துப் பத்திரமாக வை. பதினெட்டு வயதில் அவளே கேட்கலாம், விதியில் அதற்கு இடம் இருக்கிறது.

படத்தை யாருக்கும் அனுப்பாதே. அத்தைக்குக்கூட நான் காட்டவில்லை. உத்தரவு வரும்வரை குடும்ப குரூப்பில் ஒன்றும் போடக்கூடாது, மாப்பிள்ளை வீட்டாரிடமும் சொல்லிவை.

அம்மா நேற்றுக் கேட்டாள், இத்தனை தூரம் வந்தபிறகு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வழி இருக்கிறதா என்று. சும்மாதான் கேட்டாளாம். விளக்கேற்றிக்கொண்டே கேட்டாள். நான் ஆபீஸ்காரன் மாதிரி, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்க ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும், அவளிடம் சொல்லவில்லை.

அந்த ஐப்பசிக்குப் பிறகு எந்த வீட்டு வளைகாப்புக்கும் நீ போகவில்லை. ஆனால் வரிசையில் பெயர் கொடுத்தாய். வீட்டுக்கு விசாரணைக்கு வந்த பெண்மணியிடம் அந்த ஐப்பசியையும் சேர்த்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னாய் என்று மாப்பிள்ளை சொன்னபோது நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ரெண்டு வயசுக்குள்தான் வேண்டும் என்று கூட்டமே நிற்கிறது, ஐந்து வயதுப் பிள்ளைக்கும் சரி என்று எழுதியவள் நீ. அதை யாரும் உன்னிடம் கேட்கவில்லை. நானாக இருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

சேலையைத் துவைக்காதே.

டெல்லியில் தூதரக வேலைக்கு ஒரு வாரமாவது தங்கவேண்டி வரும். புவனேஸ்வரத்திலிருந்து விமானம். தேதி தெரியாமல் டிக்கெட் போடமுடியாது, எனக்கும் தெரியும். ஆனாலும் விலை விசாரித்து வைத்திருக்கிறேன். அம்மாவும் நானும் வருவதாக இருக்கிறோம், எங்களுக்கு இரண்டு. மாப்பிள்ளையிடம் உங்கள் பக்கம் எத்தனை என்று கேட்டதற்கு, அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள் மாமா என்றார். எத்தனை என்று எழுது.

அன்புடன்,
அப்பா