முலாம் பூசும் பட்டறைகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பட்டறை நடத்தும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நீங்கள் என்னிடம் ஒப்படைத்த பெரிய வேலை கழிவுநீர்தான். மற்றவை வழக்கம்போல நடந்தன. செயற்குழு மாதந்தோறும் கூடியது, சந்தா பெரும்பாலும் வந்துவிட்டது. அவற்றை இத்தோடு விடுகிறேன்.

முதல் சில மாதங்களை வீணாக்கினோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்தச் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கலாம் என்று விலைப்பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அப்புறம் ஒரு கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர், "ஜிக்கைத் தூக்கினதும் தொட்டி மேலேயே எத்தனை நொடி சொட்டவிடுறீங்க?" என்று கேட்டார். ஜிக் என்றால் சரக்கை மாட்டித் தொட்டியில் இறக்கும் சட்டம். யாரிடமும் பதில் இல்லை. பட்டறை பட்டறையாகப் போய்ப் பார்த்தோம். தூக்கிய கையோடு அலசல் தொட்டியில் முக்குவதுதான் பல இடங்களில் பழக்கம். என் பட்டறையிலும் அதே கதைதான். சரக்கில் ஒட்டிக்கொண்டு வெளியேறும் கரைசல்தான் அலசல் தண்ணீரைக் கெடுக்கிறது. அதில் போவது நாம் காசு கொடுத்து வாங்கிய நிக்கலும் குரோமும். தொட்டிக்கு மேல் ஒரு கம்பி கட்டி, ஜிக்கைச் சாய்வாக மாட்டி, இருபது நொடியாவது சொட்டவிடச் சொன்னோம். இரண்டு தொட்டிக்கும் நடுவே, சொட்டு பழைய தொட்டிக்கே திரும்பும்படி சரிவாக ஒரு பிளாஸ்டிக் தகடு. குழி உள்ள சரக்கைக் கவிழ்த்து மாட்டுவது. இதற்கெல்லாம் சங்கத்திடம் நிதி கேட்டு யாரும் வரவில்லை.

அலசும் முறைக்கு ஒரு வகுப்பு வைத்தோம். ஒட்டிவரும் கரைசல் மணிக்கு 1 லிட்டர், அதை ஆயிரம் மடங்கு நீர்க்க வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தொட்டி என்றால் மணிக்கு 1000 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். இரண்டு தொட்டி வைத்து, சரக்கு போகும் திசைக்கு எதிராகத் தண்ணீரை விட்டால் சுமார் 32 லிட்டர் போதும். மூன்று தொட்டிக்கு 10 லிட்டர். இது பலகைக் கணக்கு. தொட்டியில் தண்ணீர் சரியாகக் கலக்காவிட்டால் கூடுதலாகவே ஆகும். இடம் இல்லை என்று சிலர் சொன்னார்கள். ஒரு தொட்டிக்கு நடுவே தடுப்பு வைத்து இரண்டாக்கியவர்களும் நம்மில் உண்டு.

குரோம் தண்ணீர் பற்றி வந்த புகார் ஒன்று. குரோமின் நச்சைக் குறைக்கும் மெட்டாபைசல்ஃபைட்டை எவ்வளவு கொட்டினாலும் மஞ்சள் போகவில்லை, மருந்தே போலி என்றார் ஓர் உறுப்பினர். போய்ப் பார்த்தால் பிஹெச், அதாவது அமில கார அளவு, 6 (எண் குறையக் குறைய அமிலம் கூடும்). அந்த அளவில் வினை நகரவே நகராது. ஆசிட் சேர்த்து 2.5க்கு இறக்கினோம், அரை மணி நேரத்துக்குள் தண்ணீர் பச்சையானது. புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் நச்சு குறைந்த மூன்று இணைதிறனுக்கு மாறியதன் அடையாளம் அது. அதற்குப் பிறகுதான் காஸ்டிக்கோ சுண்ணாம்போ போட்டு 8.5 அளவுக்கு ஏற்றி, குரோமை அடியில் படியவிட வேண்டும். நிக்கல் நன்றாகப் படிய 10 வரை போகவேண்டும். இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் இரண்டுமே அரைகுறைதான். இன்னொன்று, இந்த வேலையில் மூச்சடைக்கும் கந்தக டை ஆக்சைடு கிளம்பும். காற்றோட்டம் இல்லாத மூலையில் செய்ய வேண்டாம்.

இந்த ஆண்டு என் தூக்கத்தைக் கெடுத்தது, சில முலாம் கரைசல்களில் இருக்கும் கொடிய நச்சான சயனைடு. ஒரு பட்டறையில் சயனைடு அலசல் தண்ணீரும் ஆசிட் அலசல் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் சேர்ந்துகொண்டிருந்தன. இரண்டும் கலந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு. சில நிமிடங்களில் ஆள் போய்விடும். இதுவரை எதுவும் நடக்காதது அதிர்ஷ்டம் மட்டுமே. அன்றைக்கே குழாயைப் பிரிக்க வைத்தோம். சயனைடு தண்ணீருக்குத் தனித் தொட்டி, பிஹெச் 10க்கு மேல் வைத்து, சயனைடைச் சிதைக்கும் ஹைப்போகுளோரைட், பிறகு 8.5 அளவில் இன்னொரு முறை. முதல் கட்டத்தில் பிஹெச் இறங்கினால் நச்சுள்ள சயனோஜன் குளோரைடு வெளியே வரும். ஆகவே பிஹெச் மீட்டரை நம்புவதற்கு முன் மீட்டரைச் சரிபாருங்கள்.

தண்ணீர் சேர்த்து நீர்க்க வைத்தால் சோதனையில் தேறிவிடலாம் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. வாளியில் இருந்த நிக்கலை டேங்கர் தண்ணீரில் கரைத்தாலும் வெளியே போவது அதே நிக்கல்தான். இப்படிச் செய்பவர்களுக்குச் சங்கம் பரிந்து பேசாது என்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது.

சுத்திகரிப்பில் அடியில் படியும் கசடு விஷயத்தில் பாதி வேலைதான் முடிந்தது. கசட்டின் தண்ணீரைப் பிழிந்தெடுக்கும் ஃபில்டர் பிரஸ்ஸிலிருந்து வருவதை மூட்டை கட்டி, பெயரும் தேதியும் எழுதி, கூரைக்குக் கீழே வைக்கச் சொன்னோம். மழையில் நனைந்த மூட்டைகளை இரண்டு இடங்களில் பார்த்தேன். நிக்கல் கசட்டைத் தனியே சேர்த்தால் உலோகத்தை மீட்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எல்லாம் கலந்துவிட்டால் காசு கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். கிரீஸ் நீக்கும் டிரைகுளோரோஎத்திலீனை விட்டுக் காரக் கரைசலுக்கு மாறுவது பற்றி இன்னும் பேசவே தொடங்கவில்லை. அது அடுத்த செயலாளருக்கு.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்