கோவில்பட்டி நண்பனுக்கு

சென்னை,
ஏப்ரல் 2026

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் தை மாதம் வந்தது. நான் பதில் எழுத உட்காரும்போது சித்திரை பிறக்கப்போகிறது. மார்ச் 31 தாண்டட்டும், நம் ஹாக்கிச் சங்கத்தின் வரவு செலவுப் புத்தகத்தை மூடித் தணிக்கையாளரிடம் ஒப்படைத்துவிட்டு எழுதலாம் என்று வைத்திருந்தேன். நேற்று மாலை ஒப்படைத்துவிட்டேன். பொருளாளராக இது எனக்கு மூன்றாவது வருடம். முதல் இரண்டு வருடமும் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பாரம் இறங்கியதுபோல இருந்தது. இந்த முறை அப்படி இல்லை. சங்கத்தை ஒரு முடிவு எடுக்க வைத்திருக்கிறேன். அது சரிதானா என்று உன்னிடம்தான் கேட்க வேண்டும், நீ கோல் காத்தவன்.

அதற்கு முன்னால் உலகக் கோப்பையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நீ டிவியில் பார்த்திருப்பாய். ஆனாலும் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தின் கேலரி எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். 1996 சாம்பியன்ஸ் டிராபி இறுதியில் நெதர்லாந்து பாகிஸ்தானை 3-2 என்று வென்றதை இருவரும் அங்கேதான் பார்த்தோம். 2007 ஆசியக் கோப்பை இறுதியில் கொரியாவுக்கு எதிராக இந்தியா ஏழு கோல் போட்டபோது, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெரியவரை நீ கட்டிப்பிடித்துக்கொண்டாய். 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதி நடந்த அன்று நீ ஊரில் இருந்தாய். மலேசியாவிடம் பாதி ஆட்டத்தில் 1-3 என்று பின்தங்கி, 4-3 என்று ஜெயித்து முடித்ததும் போனில் நீ சொன்ன முதல் வார்த்தை 'மாஸ்கோ'. 1980 ஒலிம்பிக் இறுதியில் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஸ்பெயினை வென்றதும் அதே 4-3. டிரான்சிஸ்டரைச் சுற்றி நின்ற அந்த நாள் உனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இந்த முறை வந்தது இளையோர் உலகக் கோப்பை. நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. முதன்முறையாக 24 அணிகள். நம் சங்கத்துப் பிள்ளைகள் முப்பது பேரைக் கால் இறுதிக்கு அழைத்துப் போயிருந்தேன். பெல்ஜியத்துடன் 2-2. வெற்றியை முடிவு செய்ய ஷூட் அவுட். கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் முன்னால் ஓடி வந்து கோணத்தை அடைத்து நின்ற ஒவ்வொரு முறையும் எனக்கு உன் ஞாபகம்தான். நம் காலத்தில் பெனால்டி ஸ்ட்ரோக், கோட்டின் மேல் நின்று ஊகிக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது எட்டு நொடி. 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு வருகிறவனை எதிர்கொண்டு, எப்போது கீழே விழுவது என்று கோல்கீப்பரே முடிவெடுக்க வேண்டும். இந்தியா 4-3 என்று ஜெயித்தது.

அரை இறுதியில் ஜெர்மனி 5-1 என்று நம்மை அடித்த அன்று கேலரி முழுவதும் மௌனம். அதற்கு மூன்று நாள் கழித்து வெண்கலத்துக்கான ஆட்டம். அர்ஜென்டினாவிடம் 0-2. கடைசிக் கால் பகுதி தொடங்கியும் ஒன்றும் நடக்கவில்லை. சிலர் எழுந்துகூடப் போய்விட்டார்கள். பிறகு 49, 52, 57, 58 என்று ஒன்பது நிமிடத்துக்குள் நான்கு கோல்! இளையோர் உலகக் கோப்பையில் ஒன்பது வருடத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு ஒரு பதக்கம். ஸ்ரீஜேஷ் பயிற்சியாளராக நின்று வாங்கிக்கொடுத்தார். அவரும் கோல்கீப்பர் என்பதில் உனக்கு எவ்வளவு பெருமை இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் சொல்ல வந்தது கால் இறுதி முடிந்து வெளியே வரும்போது நடந்தது. புளியந்தோப்பிலிருந்து வரும் ஒரு சிறுமி, பன்னிரண்டு வயது, நம் பெண்கள் அணிக்குக் கோல் காப்பவள். வேனில் ஏறும்வரை ஒன்றும் பேசவில்லை. ஏறி உட்கார்ந்ததும், "சார், அவங்க கால்ல கட்டியிருந்த பேட் என்ன விலை?" என்று கேட்டாள். நான் விலையைச் சொன்னேன். அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அன்றுவரை கட்டிக்கொண்டிருந்தது பையன்கள் அணியின் பழைய பேட். வார் அறுந்து, சணல் கயிற்றால் கட்டியது. பையன்களுக்கு ஆட்டம் இருக்கிற நாளில் அதுவும் அவளுக்குக் கிடைக்காது.

அன்று இரவு வீட்டுக்கு வந்து கணக்குப் புத்தகத்தை எடுத்தேன். மூன்று வருடமாக நானே எழுதிய கணக்குதான். வருடச் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு, ஐந்து நாள் நடக்கும் கோப்பைப் போட்டிக்குப் போயிருந்தது. பரிசுத் தொகை, வெளியூர் அணிகள் தங்கும் செலவு, மேடை, சால்வை, சாப்பாடு. கோல்கீப்பர் உடைக்கு மூன்று வருடத்திலும் ஒரு ரூபாய்கூட இல்லை. ஒரு முழு செட், அதாவது ஹெல்மெட், மார்புக் கவசம், பேட், கிக்கர் என்கிற பாதக் கவசம், கையுறை எல்லாம் சேர்த்து வாங்குகிற பணத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஜலந்தர் மர மட்டை வாங்கலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் அது தள்ளிப்போயிருக்கிறது. தள்ளிப்போட்டவர்களில் நானும் ஒருவன்.

இந்த இடத்தில் வருடத்தின் நல்ல செய்தியையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. அதற்கு முக்கியக் காரணம் ஐவர் ஆட்டம். முழு மைதானம் என்றால் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம் வேண்டும். வடசென்னையில் எந்தப் பள்ளியில் அவ்வளவு இடம் இருக்கிறது? இருந்த இடத்திலும் புதுக் கட்டடம் வந்துவிட்டது. ஆகவே பள்ளி முற்றத்தில் கூம்புகளை வைத்து எல்லை போட்டு, ஐந்து பேர் ஐந்து பேராக ஆடவைத்தோம். 2024 ஜனவரியில் மஸ்கட்டில் ஐவர் ஹாக்கிக்கு உலகக் கோப்பையே நடந்து, இந்தியப் பெண்கள் இரண்டாம் இடம் வந்தார்கள் என்று சொன்ன பிறகுதான் தலைமையாசிரியர்கள் சிலர் இதை விளையாட்டு என்றே ஒப்புக்கொண்டார்கள். சின்ன இடத்தில் எல்லோருக்கும் பந்து கிடைக்கிறது. பதினொருவர் ஆட்டத்தில் ஓரத்தில் நின்றே நேரம் போக்கும் பிள்ளைகள் இதில் ஓடுகிறார்கள். வியாசர்பாடி, காசிமேடு, புளியந்தோப்பு என்று பல இடங்களிலிருந்து வருகிறார்கள். பெண் பிள்ளைகள் முந்தைய வருடத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அம்மாக்கள் இருவர் கோல் கணக்கு எழுதப் பழகி, இப்போது நடுவர் பயிற்சிக்கும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் மட்டையும் கையுமாக இருந்த காலத்தை நீயும் நானும் பார்த்திருக்கிறோம். அதற்குப் பிறகு வடசென்னையில் ஒரே மைதானத்தில் இத்தனை பிள்ளைகளை நான் பார்த்ததில்லை.

சங்கத்தின் லீக் போட்டிகளைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றும் இல்லை. நடந்தது, முடிந்தது. டிசம்பர் தொடக்கத்தில் டிட்வா புயல் மழையால் மண் மைதானத்தில் தண்ணீர் தேங்கி இரண்டு வாரம் ஆட்டம் நின்றது. அலுவலக அணிகள் குறைந்துகொண்டே வருகின்றன. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுப்பது சுருங்கியதால் இருக்கிற ஆட்டக்காரர்களுக்கு வயது ஏறிவிட்டது. உனக்கும் எனக்கும் மட்டையை வைத்துத்தான் வேலை கிடைத்தது என்பதை இன்றைய பையன்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

டர்ஃப் என்கிற செயற்கைத் தரை விஷயம்தான் மனதை அரிக்கிறது. நகரம் முழுவதும் 'டர்ஃப்' என்று பலகை மாட்டி மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். எல்லாம் கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் போட்ட நீள இழைத் தரை. அதில் ஹாக்கிப் பந்து உருளாது, மட்டையை உள்ளே கொண்டுவரவும் விடமாட்டார்கள். 1976-ல் மான்ட்ரியலில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஒலிம்பிக் ஹாக்கி நடந்தபோது இந்தியா ஏழாம் இடத்துக்குப் போனது. புல்லில் பழகிய கை, வேகமான தரையில் தடுமாறியது. ஐம்பது வருடம் கழித்து நம் பிள்ளைகளுக்கும் அதேதான் நடக்கிறது. மண்ணில் பந்து துள்ளும் என்று எதிர்பார்த்து மட்டையைச் சற்று உயர்த்தியே பிடிக்கிறார்கள். மாநிலத் தேர்வில் டர்ஃபில் இறக்கியதும் பந்து மட்டைக்கு அடியில் போய்விடுகிறது. திறமை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் ஊரில் கிருஷ்ணா நகர் டர்ஃபும் விளையாட்டு விடுதியும் இருப்பதால்தான் மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து வந்து அங்கே தங்கிப் பழகிய கார்த்தியும் இந்தியச் சட்டை போட முடிந்தது. நான் அதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன், நண்பா. மறைக்க ஒன்றும் இல்லை.

இனி பணம். ஒரு தனியார் நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து உதவுவதாகச் சொன்னதை முன்பே எழுதியிருந்தேன். கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, குறிப்பிட்ட வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியும் அதற்கான பட்டியலில் இருக்கிறது. நாம் துள்ளிக் குதித்தோம். பிறகுதான் கேட்டார்கள்: வரி விலக்குக்கான வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவு இருக்கிறதா, சமூகப் பொறுப்பு நிதி பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 எண் இருக்கிறதா, மூன்று வருடப் பணிக்குச் சான்று இருக்கிறதா? ஒன்றும் இல்லை. இத்தனை வருடமாக நடக்கும் சங்கத்தில் பழைய மினிட்ஸ் புத்தகங்களையே காணவில்லை. அந்தப் பணம் வேறொரு விளையாட்டுக்குப் போய்விட்டது. அந்த நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சட்டம் கேட்பதைத்தான் அவர்கள் கேட்டார்கள். மூன்று மாதம் பதிவாளர் அலுவலகத்துக்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்கும் நடந்து 12ஏ பதிவும் 80ஜியும் வாங்கிவிட்டேன். அடுத்த படிவமும் போயிருக்கிறது. ஹாக்கி வளர வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் யாராவது ஒரு மினிட்ஸ் புத்தகத்தை ஒழுங்காக எழுதினால் அதுவே பெரிய சேவை என்று இப்போது மனப்பூர்வமாக நம்புகிறேன்.

ஆகவே இந்த வருடமும் வரவு என்றால் கிளப்களின் சந்தா, நுழைவுக் கட்டணம், பழைய ஆட்டக்காரர்கள் கொடுத்தது, அவ்வளவுதான். நீ அனுப்பிய பணத்துக்கு ரசீது இத்துடன் இருக்கிறது. வேண்டாம் என்று எழுதியிருந்தாய். சங்கப் பணத்தில் நண்பன் என்று ஒரு கணக்கு கிடையாது, வாங்கி வைத்துக்கொள்.

இப்போது அந்த முடிவுக்கு வருகிறேன். பிப்ரவரியில் கூடிய பொதுக்குழுவில் நான் எழுந்து, வரும் வருடம் கோப்பைப் போட்டிக்குப் பரிசுத் தொகை வேண்டாம் என்றேன். கோப்பை மட்டும் கொடுப்போம். மிச்சமாகும் பணத்தில் இரண்டு கோல்கீப்பர் செட், அதில் ஒன்று பெண் பிள்ளைகளுக்கு என்றே. மீதியில் சனிக்கிழமை விடியற்காலையில் ஹாக்கி டர்ஃபில் வாடகைக்கு நேரம் எடுப்பது. மூன்று மணி நேரம் விவாதம். செயலாளர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பரிசுத் தொகை இல்லாவிட்டால் பெரிய அணிகள் வராது, பெரிய அணிகள் வராவிட்டால் கூட்டம் வராது, கூட்டம் இல்லாத போட்டிக்கு யார் நன்கொடை தருவார்கள் என்று கேட்டார். நல்ல ஆட்டத்தைக் கண்ணால் பார்க்காமல் பிள்ளைகள் எப்படிக் கற்பார்கள் என்றும் கேட்டார். அந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நாமும் பார்த்துத்தானே கற்றோம். ஆனாலும், பிரின்ஸ்தீப்பைப் பார்த்துவிட்டு வந்த அந்தச் சிறுமிக்குக் கட்டிக்கொள்ளப் பேட் இல்லை என்பதை நான் எடுத்துச் சொன்னேன். இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

நம்மோடு ஆடிய பழைய சென்டர் ஹாஃப் எதிராக ஓட்டளித்தார். அதில் தவறில்லை, அது அவர் உரிமை. ஆனால் அந்தக் கோப்பைப் போட்டியை இருபது வருடத்துக்கு மேல் தோளில் சுமந்தவர் அவர்தான். கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வருகிறார், பிள்ளைகளுக்கு ஹிட் சொல்லிக்கொடுக்கிறார், நான் இருக்கும் பக்கம் திரும்புவதில்லை. தீர்மானம் சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவரைத் தனியாகப் பார்த்து முதலிலேயே பேசியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் சபையில் வைத்துச் சொன்னது என் தவறு.

ஆகவே உன்னிடம் கேட்கிறேன். தீர்மானத்தைப் பற்றி நீ நினைப்பதை ஒளிக்காமல் எழுது. செயலாளர் பக்கம்தான் நியாயம் என்று தோன்றினால் அப்படியே எழுது, பொதுக்குழுவில் படித்துக் காட்டுகிறேன். மே மாதம் கோடை முகாம் வைத்திருக்கிறோம். பத்து நாள் வந்து கோல்கீப்பர்களைப் பார்த்துக்கொள்ள முடியுமா? நாலு பேர்தான். மூன்று பையன்கள், அவள் ஒருத்தி. புது செட்டுக்குச் சொல்லியிருக்கிறோம், அதற்குள் வந்துவிடும். சாய்ந்து விழும்போது இடது கையைப் பின்னால் விட்டுவிடுகிறாள், நான் எவ்வளவு சொல்லியும் மாறவில்லை. உன் கால் வலி எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு சொல், நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாலே போதும்.

வந்தால் எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கிக்கொள். அண்ணன் வந்தால் கொடுக்க வேண்டும் என்று உன் தங்கச்சி இப்போதே மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய் கொண்டுவா, கொஞ்சம் அதிகமாகவே. வந்த முதல் நாள் மாலை நேராகச் சென்டர் ஹாஃப் வீட்டுக்குப் போவோம். நீ முன்னால் நட, நான் பின்னால் வருகிறேன். உன் பேச்சை அவர் எப்போதும் தட்டியதில்லை.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்