கடை பூட்டிக் கிடந்த கதையும், கிண்ணம் தாமதமான காரணமும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மாசி மாதம் கடை பூட்டியிருந்ததைப் பற்றி நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். "உடம்பு சரியில்லையா?" என்று பெரம்பூரிலிருந்து போன் வந்தது. பட்டாளம் மார்க்கெட்டில் ஒரு அம்மா, "அந்த மண்பாண்டக் கடையை வித்துட்டாங்களாமே" என்று என் மனைவியிடமே விசாரித்திருக்கிறார். அப்படி ஒன்றும் இல்லை. இமாச்சலப் பிரதேசத்தில் அந்திரெட்டா என்ற மலைக் கிராமத்துக்கு, நாங்கள் இரண்டு பேரும் மண் வேலை கற்கப் போயிருந்தோம்.

சென்னைக் கொசப்பேட்டைக்காரன் மண் வேலை கற்க மலைக்குப் போனானா என்று சிரிப்பு வரும். குயவர்பேட்டைதான் வாயில் தேய்ந்து கொசப்பேட்டை ஆனது என்பார்கள். ஆனால் நாங்கள் செய்வது அச்சு வேலை. பிள்ளையாரும் கொலு பொம்மையும் அச்சில் அழுத்தி எடுப்பவை. சக்கரம் எங்கள் தாத்தாவோடு போயிற்று. அகலும் பொங்கல் பானையும் வெளியூரிலிருந்து வாங்கி விற்கிறோம். கடைக்குப் பின்னால் தாத்தாவின் சக்கரம் பல வருஷமாகச் சும்மா சாய்ந்து கிடப்பது எனக்கு ஒரு உறுத்தல்.

பதான்கோட் வரை ரயில், அங்கிருந்து பாலம்பூருக்கு பஸ். அந்திரெட்டா பாலம்பூர் பக்கத்தில், காங்க்ரா பள்ளத்தாக்கில், தௌலாதார் மலைத்தொடரின் காலடியில் இருக்கிறது. இங்கே நாம் மின்விசிறி போட ஆரம்பித்துவிட்ட மாதத்தில் அங்கே உச்சியெல்லாம் பனி. அயர்லாந்தில் பிறந்த நாடக நடிகை நோரா ரிச்சர்ட்ஸ் அந்த ஊரில் மண் வீடு கட்டிக் குடியேறி, கிராமத்து ஜனங்களை வைத்து பஞ்சாபி நாடகங்கள் போட்டார். நாடு பிரிந்த 1947க்குப் பிறகு ஓவியர் சோபா சிங் வந்து சேர்ந்தார். 1983இல் மன்சிம்ரன் சிங்கும் அவர் மனைவி மேரியும் மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். இஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நமக்குச் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருப்பதுபோல, அவர்களுக்கு இது. மாதக்கணக்கில் தங்கிக் கற்பவர்களும் உண்டு. எங்களுக்கு அத்தனை நாள் கடையைப் பூட்ட வசதியில்லை.

முதல் நான்கு நாள் எனக்கு ஒரு கிண்ணம்கூட எழவில்லை. மண்ணைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்துவதுதான் முழு வித்தை. முழங்கையைத் தொடையில் ஊன்றி, கையை அசையாமல் வைத்துக்கொண்டால் மண் தானாக அடங்கும். நான் மண்ணோடு மல்லுக்கு நின்றேன். அது ஆடி ஆடிச் சரிந்தது. பக்கத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி ஆறு கோப்பை எடுத்துவிட்டாள். பரம்பரைத் தொழில் என்று அங்கே யாரிடமும் நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் ஸ்லிப் வேலை வந்தது. ஸ்லிப் என்றால் தண்ணீரில் கரைத்துச் சலித்த மண் குழம்பு. பாதி காய்ந்த பாத்திரத்தின் மேல் அதைப் பீய்ச்சிக் கோடு இழுப்பார்கள். அந்தப் பட்டறையின் கோடுகளில் ரங்கோலிச் சாயல் தெரியும். என் மனைவி ஒரு விரலைக் குழம்பில் தோய்த்துப் பார்த்து, "மாக்கோலத்துக்கு அரைக்கிற பதம்தானே இது" என்றாள். மார்கழி முழுக்க வாசலில் இழைக்கோலம் போட்ட கை. கோடு நடுங்கவே இல்லை. நீங்கள் கடையில் பார்க்கும் பழுப்பு நிறக் கிண்ணங்களில் இருக்கும் வெள்ளைக் கோலமெல்லாம் அவள் போட்டதுதான். நான் போட்டவை அடுக்கின் பின்வரிசையில் இருக்கின்றன.

சரி, தாமதத்துக்கு வருகிறேன். ஊர் திரும்பியதும் இந்தக் கிண்ணங்களுக்கு ஆர்டர் எடுத்தோம். பங்குனியில் பணம் கட்டியவர்களுக்குச் சொன்ன தேதியில் கிண்ணம் தரவில்லை. தப்பு எங்களுடையது. மலையில் இரண்டு நாளில் காய்ந்தது, இங்கே கடல் ஈரத்தில் ஒரு வாரமானாலும் உள்ளே ஈரம் பிடித்துக்கொண்டிருந்தது. தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கவே, அவசரப்பட்டுச் சூளையில் ஏற்றிவிட்டேன். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். மண்ணுக்குள் வழி கிடைக்காவிட்டால் வெடித்துக்கொண்டு வெளியே வரும். ராத்திரி பதினோரு மணிக்கு டப் டப்பென்று சத்தம் கேட்டு எதிர்வீட்டு அண்ணன் கதவைத் தட்டினார். முப்பத்திரண்டில் ஒன்பது தேறியது. இப்போது கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறோம். ஜில்லென்றிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

கிண்ணத்தின் விலை ஏன் அகல் விளக்கு மாதிரி இல்லை என்றும் கேட்கிறீர்கள். இதை இரண்டு முறை சுட வேண்டும். முதலில் வெறும் மண்ணாக ஒரு தடவை. பிறகு கிளேஸ், அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு, பூசி 1,000 டிகிரிக்கு மேல் இன்னொரு தடவை. எங்கள் விறகுச் சூளையில் அந்தச் சூட்டை நிலையாக நிறுத்த முடியாததால் சின்ன மின்சூளை வாங்கியிருக்கிறோம். கரண்ட் பில்லை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது. கிளேஸில் ஈயம் கிடையாது. தயிர், புளிக்குழம்பு எது வேண்டுமானாலும் பரிமாறலாம். ஆனால் அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள்; நெருப்பு நேராகப் பட்டால் விரிசல் விடும்.

தண்ணீர்ப் பானைக்கும் கிளேஸ் போட்டுத் தரச் சொல்லி ராயபுரத்திலிருந்து மூன்று பேர் கேட்டார்கள். மாட்டோம். பானையின் மேல் லேசாகக் கசியும் தண்ணீர் காற்றில் உலரும்போதுதான் உள்ளே குளிர்ச்சி. கிளேஸ் போட்டால் கசியாது. கசியாவிட்டால் அது வெறும் குடம்.

ஆடி பிறந்தால் பிள்ளையார் வேலை, அதைத் தொட்டுக் கொலு. அதனால் ஆடியிலிருந்து ஐப்பசி வரை கிண்ண ஆர்டர் எடுக்கப்போவதில்லை. மற்ற மாதங்களில் ஆர்டர் கொடுத்தால் நான்கு வாரம் பொறுக்க வேண்டும். பங்குனியில் பணம் கட்டியவர்களின் கிண்ணங்கள் இரண்டாவது சூட்டில் இருக்கின்றன. காத்திருக்க விருப்பமில்லை என்றால் ரசீதைக் கொண்டுவாருங்கள், முழுப் பணமும் உடனே கிடைக்கும்.

வெடித்ததில் வாய் மட்டும் உடைந்தவை ஒரு கூடை இருக்கிறது. அடியில் ஓட்டை போட்டுக் கடை வாசலில் வைத்திருக்கிறோம். கற்பூரவல்லிக்கோ துளசிக்கோ சரியாக இருக்கும். காசு வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கொசப்பேட்டை மண்பாண்டக் கடைக்காரர்