ஓசூரில் இருக்கும் மாப்பிள்ளைக்கு, பாம்பின் பசி பற்றி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் பேசியதிலிருந்து மனசு கேட்கவில்லை. "அஞ்சு வாரமாச்சு மாமா, எலிய மோந்துகூடப் பாக்க மாட்டேங்குது, வாயைத் திறந்து ஊட்டி விட்டுரட்டுமா?" என்றாய். வேண்டாம். ஏன் வேண்டாம் என்று விவரமாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன்னைப் போல் பால் பைதான் (ball python) என்கிற வெளிநாட்டு மலைப்பாம்பை வாங்கி வைத்துக்கொண்டு தவிக்கிற பிள்ளைகள் நம் பக்கத்தில் இன்னும் சிலர் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் எலியை மற. பெட்டிக்குள் இருக்கும் தெர்மாமீட்டரைப் பார். உன் பாம்பின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் பக்கம். அங்கே பகலெல்லாம் எலி வளையிலும் கரையான் புற்றிலும் சுருண்டு கிடந்து, இருட்டிய பிறகுதான் வெளியே வரும். ஓசூரோ கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். மார்கழி விடியலில் நமக்கே ஒரு போர்வை பத்தாது. தருமபுரியில் என் பெட்டிக்குப் போதுமான ஏற்பாடு உனக்கு அங்கே போதாது.

பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் உடம்பு உரசுகிற அளவுக்கு இறுக்கமான ஒளிவிடம் வை. பாம்பால் நம்மைப் போல உடம்புக்குள்ளேயே சூட்டை உண்டாக்க முடியாது. வெளியே சூடு இல்லையென்றால் விழுங்கிய எலி செரிக்காது, வயிற்றுக்குள்ளேயே அழுகும். அதனால்தான் குளிரில் அது வாயை மூடிக்கொள்கிறது. பெட்டிக்குச் சூடேற்றும் விரிப்பான ஹீட் மேட்டை, சூடு அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடாதே, அடிவயிறு வெந்துவிடும். கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் ஓரமாக வை.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. நான் முதன்முதலில் வளர்த்த பாம்பு என் கையால்தான் போனது. ஒரு மார்கழியில் எலி கொடுத்த மறுநாளே, வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காட்ட அதை வெளியே எடுத்துக் கையில் வைத்திருந்தேன். அன்று ராத்திரி கரண்டும் இல்லை. விடிந்து பார்த்தால் எலியைக் கக்கி வைத்திருந்தது. பட்டினி கிடக்கிறதே என்ற பயத்தில் நாலாம் நாளே இன்னொரு எலி கொடுத்தேன். அதையும் கக்கியது. அப்புறம் அது தேறவே இல்லை. ஒருமுறை கக்கினால் தொண்டையும் வயிறும் புண்ணாகிவிடும். இரண்டு வாரமாவது சும்மா விட்டு, அதன்பின் வழக்கத்தைவிடச் சிறிய எலி கொடுக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. அந்தப் பட்டினி பாம்பைக் கொல்லவில்லை மாப்பிள்ளை. என் பயம்தான் கொன்றது.

அதனால் இப்போது நீ செய்ய வேண்டியது, சமையலறைத் தராசு ஒன்று வாங்கி வாராவாரம் எடை பார்த்து நோட்டில் எழுதுவது. இந்த இனத்தில் நல்ல உடம்போடு இருக்கும் பாம்பு மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது சகஜம். உன்னுடையது 600 கிராம் என்றாய். அதில் 60 கிராம் குறைந்தாலோ, மூச்சு விடும்போது சத்தம் வந்தாலோ, தயங்காமல் பெங்களூருவில் பாம்பு பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போ. கண்ணில் நீலம் பாய்ந்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம், உரித்து முடிக்கும்வரை கொடுக்காதே. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலைக்கு 1961இல் வந்த ஒரு பால் பைதான், 60 வயது தாண்டி 2020இல் முட்டையிட்டது. அவ்வளவு காலம் வாழக்கூடிய உயிருக்கு ஐந்து வாரம் ஒன்றுமில்லை.

சூடு சரியாகி ஒரு வாரம் கழித்துக் கொடுத்துப் பார். உறைந்த எலியைக் கவரில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து முழுதாக இளக விடு. பிறகு 40 டிகிரி வெந்நீரில் கொஞ்ச நேரம். மைக்ரோவேவ் கூடவே கூடாது. அதன் உதட்டோரம் வரிசையாகக் குழிகள் தெரியுமே, அவைதான் சூட்டை உணர்கின்றன. சில்லென்ற எலி அதற்கு வெறும் கல். பாம்பின் உடம்பில் தடித்த இடம் எவ்வளவோ அந்தப் பருமனுக்கு மேல் எலி வேண்டாம். ராத்திரி விளக்கை அணைத்து, நீளமான இடுக்கியால் பிடித்து லேசாக அசைத்துக் காட்டு. பிடித்துவிட்டால் அடுத்த இரண்டு நாள் தொடாதே.

உயிரோடு எலியை உள்ளே விடாதே, பாம்பைக் கடித்துக் குதறிவிடும். கேழ்வரகுக் கொல்லையில் பிடித்த எலியும் வேண்டாம். அது எலி மருந்து தின்றிருக்கும், உள்ளே புழுவும் இருக்கும். அப்புறம், "பால் பைதான்" என்று காதில் விழுந்ததும் பாட்டி கிண்ணத்தில் பால் வைத்தார்களாமே. பந்து போல் சுருள்வதால்தான் அந்தப் பெயர், பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பக்குவமாகச் சொல். பாம்புக்குத் தண்ணீர் போதும், பால் செரிக்காது. எலிகளை அக்கா புழங்கும் ஃப்ரிட்ஜில் வைக்காதே. பாம்பைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவு, சால்மோனெல்லா கிருமி அதனிடம் இருக்கலாம்.

அஞ்செட்டிக் காட்டோரம் மலைப்பாம்புக் குட்டி பிடித்துத் தருவதாக உன் சிநேகிதன் சொன்னானாமே, அந்தப் பேச்சை இன்றோடு விடு. நம் மலைப்பாம்பு 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்தாலே சிறை. சட்டத்தை விடு, பத்தடிக்கு மேல் வளர்ந்து காட்டில் திரிய வேண்டிய பிறவியை ஒரு பெட்டியில் அடைக்க உனக்கு மனசு வராது, எனக்குத் தெரியும். உன் பால் பைதானையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், 2024இலிருந்து அது விதி. கடைக்காரர் கொடுத்த ரசீதைப் பத்திரமாக வைத்திரு.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். என்னிடம் இருக்கும் இன்னொரு தெர்மோஸ்டாட்டையும் கொண்டு வருகிறேன். அதுவரை பெட்டி மேல் ஒரு போர்வையைப் போட்டு, அதைச் சும்மா இருக்க விடு.

அன்புடன்,
மாமா, தருமபுரி