இன்னிக்கு உங்க பீர் கிளாஸ்ல என்ன?

மக்களே, இன்னிக்கு ராத்திரி என்ன பீர் குடிக்கிறீங்கன்னு போட்டோவோட போடுங்க, கடையில வாங்குனதா இருந்தாலும் பரவாயில்ல. எனக்கு போன மாசம் வீட்டுலயே போட்ட பேல் ஏல் (வெளிர் நிற பீர் வகை), வோஸ் க்வெய்க்ங்கிற நார்வே ஈஸ்ட்ல நொதிச்சது. நம்ம சிங்கப்பூர் வெக்கைக்கு இந்த நார்வே ஈஸ்ட் மாதிரி வராதுங்க, சாதா ஏல் ஈஸ்ட்டுன்னா 20 டிகிரியில வைக்க பிரிட்ஜோட மல்லுக்கட்டணும், இது 35லயும் ஜம்முனு நொதிச்சு நாலஞ்சு நாள்ல முடிஞ்சிடுது, மூடியைத் தொறந்தா ஆரஞ்சுத் தோலைக் கிள்ளுன வாசனை. என்ன மால்ட் (முளைகட்டிக் காயவச்ச தானியம்), என்ன ஹாப்ஸ் (கசப்பும் வாசனையும் தர்ற பூ), எத்தனை நாள் வச்சீங்கன்னும் ஒரு வரி எழுதுங்க, புதுசா வந்தவங்க அதுலதான் கத்துக்குவாங்க. அப்புறம், இங்க சட்டப்படி வீட்டுல பீர் போடுறது ஒரு வீட்டுக்கு மாசம் 30 லிட்டர்தான், அதுவும் சொந்தமா குடிக்க மட்டும், தயவுசெஞ்சு இங்க யாரும் விலை கேக்காதீங்க.